கட்டிலுக்கு அடியில் ஒரு ஜிம்

மும்பை ஆண்டாப் ஹில்லில் குடிசை மாற்றுத் திட்டத்தில் வீடு கிடைத்தவரிடம் "எத்தனை சதுர அடி?" என்று கேளுங்கள். அவர் எந்தக் காலத்துக் கட்டடத்தில் இருக்கிறார் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். 225 என்றால் தொண்ணூறுகளின் திட்டம். 269 என்றால் 2008-க்குப் பிந்தையது. 300 என்றால் புதுசு. சால் வீட்டில் இருப்பவரிடம் இந்தக் கேள்வியே வேண்டாம். பத்துக்குப் பத்து கோலி என்கிற ஒற்றை அறை, அதற்கு மேல் மாளா என்கிற ஒரு பரண், அவ்வளவுதான்.

அந்த 225 சதுர அடிக்குள் சமையல் மேடை, கழிப்பறை, குளியலறை, ஃப்ரிட்ஜ், பீரோ, சாமி அலமாரி, டிவி, திவான் எல்லாம் இருக்கின்றன. நாலைந்து பேரும் இருக்கிறார்கள். இதற்குள் ஜிம்மா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் மும்பைத் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. சுவர் எழுப்பி இடத்தைப் பிரிக்க வழியில்லாத ஊரில் அவர்கள் கடிகாரத்தை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரே தரை விடிகாலையில் படுக்கை, எட்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடம், பகலில் தையல் மெஷின் ஓடும் பட்டறை, மாலையில் பிள்ளைகளின் டியூஷன் வகுப்பு. அதில் இன்னொரு அரை மணி நேரத்தைச் செருக வேண்டும், அவ்வளவே. உடற்பயிற்சிக்குத் தேவைப்படுவது ஆறடிக்கு மூன்றடி. இரவில் ஒருவர் பாய் விரித்துப் படுக்கும் இடம் பகலில் ஒருவர் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்யப் போதும்.

ஆகவே கேள்வி இடத்தைப் பற்றியது இல்லை. கையில் இருக்கும் மூவாயிரம், நாலாயிரம் ரூபாயை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. பெரும்பாலானோர் சறுக்குவது அங்கேதான். முதல் காசில் டம்பெல் வாங்குகிறார்கள், கண்ணாடி முன் நின்று புஜத்தை மடக்குகிறார்கள், மூன்றாம் வாரம் அந்த டம்பெல் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கப் போய்விடுகிறது.

ஏன் இந்த வம்பு, நடந்தால் போதாதா?

மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் தினமும் சுற்றுபவர்கள் கேட்கும் கேள்வி இது. நடை நல்லது, விட வேண்டாம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு கணக்குச் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற மிதமான உழைப்பு ஒன்று. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி இன்னொன்று. நம்மவர்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பலர் அதையும் செய்வதில்லை. 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, 2022-ல் இந்தியாவின் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்றது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம்.

தசை ஏன் முக்கியம் என்பதைப் புரியவைக்க புனேயிலிருந்து ஒரு படம் இருக்கிறது. சர்க்கரை நோய் ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். 2004-ல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கும் எடைக்குமான கணக்கில் இருவரும் ஒன்று, பி.எம்.ஐ. 22.3. உடம்பிலிருக்கும் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்திய உடம்பின் வாகு அது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. சாப்பிட்ட சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசை. கிடங்கு சின்னதாக இருந்தால் சரக்கு ரத்தத்திலேயே தேங்கும்.

ராஜாவும் கைதியும்

கருவி வாங்கிக் குவித்துவிட்டுப் பின் தரைக்குத் திரும்பியவர் ஒருவர் இந்த மகாராஷ்டிராவிலேயே இருந்தார். சாத்தாரா பக்கத்து ஔந்த் சமஸ்தானத்தின் ராஜா பவான்ராவ் பந்த் பிரதிநிதி. யூஜின் சாண்டோ உலகையே கிறங்கடித்துக்கொண்டிருந்த காலம். நம் படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டாரே, அதே ஜெர்மன் பயில்வான்தான். ராஜா அவருடைய சாதனங்களையும் புத்தகங்களையும் தருவித்துப் பத்தாண்டுக் காலம் பயிற்சி செய்தார். பிறகு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு சூரிய நமஸ்காரத்துக்கு வந்தார். 1928-ல் அதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார், பள்ளிகளில் பாடமாக்கினார். அரண்மனை வைத்திருந்தவருக்கே கடைசியில் தேவைப்பட்டது ஒரு பாய் அளவு தரை. அதே காலத்தில் பெங்களூரில் கே.வி. ஐயர், தபால் வழியாகவே உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்றைய யூடியூப் மாஸ்டர்களுக்கு அவர் முப்பாட்டன்.

இன்னொருவர் வங்காளத்து மனோகர் ஐச். உயரம் 4 அடி 11 அங்குலம். விமானப்படையில் வேலை பார்த்தபோது பிரிட்டிஷ் அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனவர். உள்ளே கருவி ஏது? வெறும் உடம்பை வைத்தே மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் உயரப் பிரிவில் பட்டம் வாங்கினார். 2016-ல் இறந்தபோது வயது 104. சிறை அறையைவிட நம் கோலி பெரிதுதான்.

கதை கேட்க நன்றாக இருக்கிறது, இதற்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு. ஜப்பானில் கிக்குச்சியும் நக்காசாட்டோவும் 2017-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், தண்டால் எடுத்தவர்களுக்கும் அதே அளவு பாரத்தில் பெஞ்ச் பிரஸ் செய்தவர்களுக்கும் மார்புத் தசை ஒன்றுபோல வளர்ந்தது. அமெரிக்காவில் பிராட் ஷோன்ஃபெல்டின் குழு 2015-ல் காட்டியது இன்னும் பயனுள்ளது. லேசான எடையை 25 முதல் 35 தடவை, இனி முடியாது என்கிற வரை தூக்கினாலும், கனத்த எடையை 8 முதல் 12 தடவை தூக்கினாலும் தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. உச்சபட்ச பலம் வேண்டுமென்றால் மட்டும் கனம் தேவை. பவர் லிஃப்டிங் போட்டிக்குப் போகிறவர் வேறு பத்திரிகை படிக்கட்டும்.

தண்டாலிலேயே எடை கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. சாதாரணத் தண்டாலில் உங்கள் எடையில் 64 சதவீதம் கையில் இறங்குகிறது. 70 கிலோ ஆளுக்கு அது 45 கிலோ. முட்டி போட்டு எடுத்தால் 49 சதவீதம், 34 கிலோ. இரண்டடி உயரத்தில் கையை ஊன்றினால் 41 சதவீதம், 29 கிலோ. காலைத் தூக்கி அதே இரண்டடி உயரத்தில் வைத்தால் 74 சதவீதம், 52 கிலோ. சமையல் மேடையில் கை ஊன்றி ஆரம்பிக்கும் அறுபது வயது பெரியவரிலிருந்து, திவானில் கால் வைத்து எடுக்கும் இருபது வயதுப் பையன் வரை ஒரே வீட்டில், ஒரே பயிற்சி. காசு பைசா இல்லை. பஸ்கியும் அப்படித்தான். ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது ஆரம்பம், பின்னங்காலைத் திவானில் வைத்து ஒற்றைக் காலில் இறங்குவது அடுத்த வகுப்பு.

முதல் காசு முதுகுக்கு

தரை நமக்குத் தள்ளும் பயிற்சியை இலவசமாகத் தருகிறது. உட்கார்ந்து எழும் பயிற்சியையும் தருகிறது. தராதது ஒன்றே ஒன்று, இழுக்கும் பயிற்சி. தரையைப் பிடித்து இழுக்க முடியாது. மேலே ஒரு கம்பியோ எதிரே ஒரு கயிறோ வேண்டும். வீட்டில் பயிற்சி செய்கிறவர்கள் மார்பும் புஜமும் வீங்கி, முதுகு கூன் விழுந்து நிற்பது இதனால்தான். தையல் மெஷினில் குனிந்தவர், லெதர் வெட்டுகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர், எல்லோருக்கும் ஏற்கெனவே தோள் முன்னால் சரிந்திருக்கிறது. அதனால் வாங்கும் முதல் பொருள் முதுகுக்கானதாக இருக்கட்டும்.

மலிவானது கைப்பிடி வைத்த ரப்பர் டியூப். நல்லதாக ஐந்து டியூப் கொண்ட செட் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கூடவே ஒரு பட்டை வரும், கதவிடுக்கில் செருக. இங்கே கவனம் வேண்டும். அந்தப் பட்டையை எல்லாக் கதவிலும் செருகக் கூடாது. நீங்கள் இழுக்கும்போது கதவு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ள வேண்டுமே தவிரத் திறக்கப் பார்க்கக் கூடாது. வாசல் கதவு பெரும்பாலும் வீட்டுக்குள் திறப்பது. உள்ளே நின்று இழுத்தால் தாழ்ப்பாளை நம்பித்தான் உங்கள் மூக்கு. குளியலறைக் கதவு பெரும்பாலும் குளியலறைக்குள் திறப்பது. கூடத்தில் நின்று இழுத்தால் கதவு சட்டத்தோடு சேர்ந்து அழுந்தும். அதுதான் தோது. பி.வி.சி. கதவாக இருந்தால் நடுவிலோ மேலேயோ செருகாமல் கீல் இருக்கும் பக்கம் செருகுங்கள், கதவு வளையாது. உள்ளே யாரும் குளித்துக்கொண்டிருக்கவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. கடல் காற்றிலும் வெக்கையிலும் ரப்பர் வெடிக்கும். இழுக்கும் முன் டியூப்பை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள், கண் போனால் வராது.

அடுத்தது தொங்கும் கம்பி. இரண்டு வகை விற்கிறார்கள். சட்டத்தின் மேல் விளிம்பில் கொக்கி போல மாட்டுவது ஒன்று. விளம்பரத்தில் பார்த்து வாங்கி, மாட்ட இடமில்லாமல் திருப்பி அனுப்புவார்கள். இங்கே பல வீடுகளில் கதவுச் சட்டம் சுவரோடு சுவராக இருக்கும், கொக்கி பிடிக்க விளிம்பு இருக்காது. சட்டத்துக்கு நடுவே வைத்து முறுக்கி இறுக்குவது இன்னொன்று. மரச்சட்டம் என்றால் சரி, இரண்டு பக்கமும் தரும் கிண்ணங்களை ஸ்க்ரூ போட்டே மாட்டுங்கள். மும்பைக் குளியலறைகளில் மார்பிள் சட்டம் வைப்பது வழக்கம். அந்த வழவழப்பில் ரப்பர் முனை பிடிக்காது, ஈரம் பட்டால் கேட்கவே வேண்டாம். எந்தக் கம்பியானாலும் முதல் சில நாள் கால் தரையில் இருக்கட்டும், பாதி எடையை மட்டும் கொடுங்கள்.

தமிழ் வீடுகளில் இன்னொரு சாமான் இருக்கிறது, கூரையில் தூளி கட்டும் கொக்கி. பிள்ளைகள் வளர்ந்த பின் அது சும்மா கிடக்கிறது. அதில் கயிறு கட்டி இழுக்கலாமா? தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிய கொக்கியா, பின்னால் துளை போட்டு அடித்ததா என்பதைப் பொறுத்தது. பின்னால் அடித்தது என்றால் தொடாதீர்கள். தெரியவில்லை என்றாலும் தொடாதீர்கள். குழந்தையின் எடை வேறு, குதித்துத் தொங்கும் ஆளின் எடை வேறு. ஃபேன் கொக்கி பக்கம் போகவே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிரில்லும் அப்படியே, பெயின்ட்டுக்கு அடியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கயிறு என்றதும் சிவாஜி பார்க் நினைவுக்கு வருகிறது. அங்கே ஸ்ரீ சமர்த் வியாயாம் மந்திரில் குழந்தைகள் தொங்கும் கயிற்றில் மல்லர் கம்பம் ஆடுவதைப் பார்க்க வேண்டும். தரையில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு முக்காலி அளவு. உயரம்தான் வேண்டும், நம் வீட்டில் அதுவும் இல்லை. கர்லாக்கட்டைக்கும் அதே சிக்கல். கர்லா சுற்ற ஆசையென்றால் மாடிக்கு எடுத்துப் போங்கள், சொசைட்டி செயலாளர் சாவி கொடுத்தால்.

இரும்பு

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கும் ஆண்டாப் ஹில்லுக்கும் வந்த குடும்பங்களில், ஊர் இளவட்டக்கல்லைத் தாத்தா தூக்கிய கதை இல்லாத குடும்பம் குறைவு. வள்ளியூர் பக்கம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்குப் போட்டி நடக்கிறது. பெண்களும் தூக்குகிறார்கள். அந்த ஆசை நியாயமானது. டியூப்பும் கம்பியும் பழகி மூன்று நான்கு மாதம் ஆன பிறகு இரும்பு வாங்கலாம்.

பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் கலவை அடைத்த பிளேட்டுகள்தான் மலிவு. ஆனால் அதே ஐந்து கிலோ, இரும்பில் தட்டை போல ஒல்லியாக இருக்கும், சிமென்ட்டில் தடித்துப் பருத்திருக்கும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்த ஒரு ஜாண் இடைவெளிக்கு இரும்புதான் சரி. பதினான்கு அங்குலத் தண்டு இரண்டு, பிளேட் மொத்தம் இருபது கிலோ, இது போதும் நெடுநாளைக்கு. இதற்கு மேல் எடை வேண்டுமென்றால் பிள்ளையின் பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையை வைத்து முதுகில் மாட்டி பஸ்கி எடுக்கலாம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோ. காஸ் சிலிண்டரைத் தூக்கிக் காட்டும் வீரம் மட்டும் வேண்டாம்.

"தளம் தாங்குமா?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார். தாங்கும். வீடுகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. உங்கள் பீரோ அந்த இரும்பைவிடக் கனம். தூக்கிய எடையைப் பொத்தென்று போடுவதுதான் வினை. கீழ் வீட்டில் ஒருமுறை சுண்ணாம்பு உதிர்ந்தால் போதும், "மேல என்ன சாமியாடுறீங்களா?" என்று படியேறி வந்துவிடுவார்கள். பழைய சேலையில் தைத்த கோதடியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் மெதுவாக இறக்குங்கள். மெதுவாக இறக்குவதே பாதிப் பயிற்சி. கயிறு தாண்டிக் குதிப்பது கீழே யாரும் குடியில்லாதவர்களுக்கு மட்டும்.

ஓட்டத்துக்கு டிரெட்மில் வாங்கலாமா என்று கேட்காதீர்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வாங்கி, மழைக்காலத்தில் துணி உலர்த்த நல்ல ஸ்டாண்ட் கிடைத்தது என்று சந்தோஷப்படும் வீடுகள் செம்பூர் வரை இருக்கின்றன. ஏழு மாடிக் கட்டடத்தில் குடியிருப்பவருக்குப் படிக்கட்டே மெஷின். ஏறுவது இதயத்துக்கு நல்லது. இறங்குவதுதான் முட்டியைச் சோதிக்கும், ஆகவே ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கலாம், லிஃப்ட் ஓடினால்.

பதினொரு மணி

இந்த வீட்டு ஜிம்மால் அதிகம் பயனடையப் போவது பெண்கள் என்பது என் எண்ணம். பேட்டை ஜிம்மில் பெண்களுக்கென்று தனி நேரம் இருந்தாலும், அது பெரும்பாலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரமாகவோ குழாயில் தண்ணீர் வரும் நேரமாகவோ இருக்கும். பூங்காவில் போட்டிருக்கும் திறந்தவெளிக் கருவிகளில் எடையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாலு பேர் பார்வை வேறு. வீட்டில் தண்ணீர் பிடித்து, சமைத்து, துணி காயப்போட்டு, பதினொரு மணிக்குக் கதவைச் சாத்தினால் அரை மணி நேரம் அவர்களுடையது. நைட்டியில் செய்யலாம், துப்பட்டா சரிசெய்ய வேண்டாம்.

"நாள் பூரா வேலைதானே செய்யுறேன், இது வேற எதுக்கு?" என்பது நியாயமான கேள்வி. வீட்டு வேலை உழைப்புதான். ஆனால் அதில் பாரம் கூடிக்கொண்டே போவதில்லை. பத்து வருஷமாக அதே குடம், அதே துவையல். தசையும் எலும்பும் பழகிய சுமைக்கு மேல் கொஞ்சம் கேட்டால்தான் வளரும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும் பருவத்தில் அந்தக் கொஞ்சம் மிக அவசியம். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். அதற்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் பெண் உடம்பில் மிகக் குறைவு. ரத்த அழுத்தமோ நெஞ்சு வலியோ முதுகுத் தட்டு நோவோ இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். எல்லோருக்கும் பொது விதி, எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் பாய் ஐந்நூறு, டியூப் செட் ஆயிரம், கம்பி ஆயிரம் என்று மூவாயிரத்துக்குள் அடங்கும். ஜிம் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வாய்ப்பிருப்பவர்கள் இரண்டு மாதம் ஜிம்மில் சேர்ந்து, பஸ்கியும் இழுவையும் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வருவது புத்திசாலித்தனம். பிழையான பழக்கத்தைச் சொல்லித் திருத்த வீட்டில் ஆளில்லை. கண்ணாடியும் மொபைல் வீடியோவும் ஓரளவுக்குத்தான்.

இரும்பை மட்டும் புதுசாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 2020 மார்ச்சில் மூடிய மும்பை ஜிம்கள் அக்டோபர் 25, தசரா அன்றுதான் மறுபடி திறந்தன. அந்த ஏழு மாதத்தில் டம்பெல்லுக்குத் தட்டுப்பாடு வந்து, கிடைத்த விலைக்கு வாங்கிக் குவித்தவர்கள் பலர். அவர்களுக்கு ஆசை போய்விட்டது, இரும்பு போகவில்லை. பழைய சாமான் விற்கும் ஆப்களில் தேடினால் வரும். சில சமயம் பங்கார் கடைக்கே வந்து சேரும், பழைய இரும்பு விலைக்கு. வாங்கும்போது மூன்று காரியம். பிளேட்டின் துளை உங்கள் தண்டுக்குப் பொருந்துகிறதா என்று தண்டையே கையில் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், பெரிய ஜிம் பிளேட்டின் துளை 50 மில்லிமீட்டர், வீட்டுத் தண்டு அதில் பாதிதான். மேலே பொறித்திருக்கும் எடையை நம்பாமல் பங்கார் கடைத் தராசிலேயே வைத்துப் பாருங்கள். துரு இருந்தால் அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மணல்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் அடுத்த மழைக்காலம் வரை தாங்கும்.